மூசையில் மிச்சம்

காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்
சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும்,
பச்சை மூடி திறக்காமல்,
பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த
விருந்தாளிபோல.

மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
அரசலாற்றில் நுரையும் ஆகாயத்தாமரையும்.
மதகிலிருந்து பையன்கள் குதிக்கிறார்கள்.
ஊரெல்லாம் தண்ணீர்.
என் மகள் மோனிஷா
உதடு வெடித்து வருகிறாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கேட்டாள்:
"எரிச்சல் எத்தனை நாளா?"
மோனிஷா என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தேன்.
"நிறையத் தண்ணி குடிக்கணும்."
போன மாசியில் எனக்கும் இதையேதான் சொன்னாள்.
அதே மாத்திரை, அதே நீலத்தாள்.

நாச்சியார்கோயில் பட்டறையில் எனக்கு அர வேலை.
விளக்கின் தண்டு, தட்டு, உச்சியில் அன்னம்:
வார்ப்பின் பிசிறெல்லாம் என் விரலில் உதிரும்.
தயிர்சாதத்தில் பித்தளை ருசிக்கும்.
சோப்பு கேட்டால், சாம்பல்தான் கிடக்கிறதே என்பார்கள்.
ஆண்களுக்கு வாய்க்கால் கரை.
பெண்கள் நாலு பேருக்கு
வேலை முடியும்வரை பல்லைக் கடித்தல்.
டீ வந்தாலும் எங்களுக்குப் பாதி டம்ளர் போதும்.

"பள்ளிக்கூடத்தில கக்கூஸ் இல்லையாடி?"
"இருக்கு."
"தண்ணி?"
"குழாயில வருது."
"அப்புறம்?"
"கதவு நிக்காது. ஒருத்தி வெளிய பிடிச்சுக்கணும்.
நேத்து என் முறை.
பிடிச்சிருந்தப்பவே மணி அடிச்சிருச்சு.
எங்க போனேன்னு கணக்கு சார் கேட்டாரு.
கதவு பிடிச்சேன்னா சொல்ல முடியும்?"

மறுநாள் போனேன்.
லூர்துமேரி டீச்சர் ஆய்வுப் படிவத்தை எடுத்துக் காட்டினார்.
கழிப்பறை உண்டா, டிக்.
தண்ணீர் உண்டா, டிக்.
கதவு உண்டா, டிக்.
தாழ்ப்பாள் என்று ஒரு கட்டமே இல்லை.
"ஓரத்துல எழுதி அனுப்பினேன்மா, மூணு தடவை.
ஓரத்தை யாரும் படிக்கிறதில்ல."

முந்தானையிலிருந்து ஒரு நூல் உருவி
கதவுக்கும் நிலைக்கும் அளவெடுத்து
இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

குஞ்சிதபாதம் அன்று ஐந்தடி விளக்குக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.
மூசையில் கொஞ்சம் மிச்சம்.
ஆறுவதற்குள் எதற்காவது ஆகவேண்டும் அது.
என் நூலை வாங்கி வண்டல் மண்மேல் நீட்டிப் பார்த்தார்.
"எந்தக் கோயிலுக்கு?"
"ஏழாம் வகுப்புக்கு."
வேறொன்றும் கேட்கவில்லை.
மண்ணைக் கீறினார்,
உலோகம் இருந்ததால்
இரண்டாக ஊற்றினார்.

சுண்டுவிரலும் இழுக்கிற மாதிரி
நானே அரம்போட்டு வழவழப்பாக்கினேன்.
சனிக்கிழமை திருகாணி முறுக்கியாயிற்று.
திங்கட்கிழமை பாட்டில் காலியாக வந்தது.
செவ்வாயும்.
புதன் பாதிதான்; மூட்டமாக இருந்ததாம், தாகமில்லையாம்.
அப்படியொரு காரணம் கேட்க
எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாவது தாழ்ப்பாள்
பட்டறைச் சுவரில், ஆணியில் தொங்கியது.
கும்பகோணத்து வியாபாரி எடுத்துப் பார்த்து விலை கேட்டார்.
தாழ்ப்பாள் இருக்கிறது, அதற்கு அறைதான் இல்லை என்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்று பதினோரு மணிக்கு
பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு
அண்ணாந்து குடித்தேன்.
செண்பகவடிவு அரத்தைக் கீழே வைத்தாள்.
என்னை ஒருமாதிரி பார்த்தாள்.
பிறகு அவளும் மொண்டாள்.
மற்ற இருவருக்கும் சொம்பு போதவில்லை,
டம்ளர் தேடினார்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு
தாழ்ப்பாளை ஆணியிலிருந்து கழற்றி
முதலாளியின் மேஜைமேல் வைத்தேன்.
"இன்னும் அரைமணியில நாங்க நாலு பேரும் போகணும், ஐயா.
எங்கேன்னு சொல்லுங்க."

அவர் பேரேட்டைப் புரட்டினார்,
விடை அதில் பற்றுவைத்திருப்பதுபோல.
நாங்கள் நகரவில்லை.
மேட்டூர் திறந்தாகிவிட்டது.